பிள்ளைக்கு ஆய், உச்சா பழக்குறது: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடில வீட்ட ஒட்டி சின்னதா ஒரு ப்ளே ஸ்கூல் நடத்துறேன், ரெண்டு வயசுல இருந்து எல்கேஜி போற வரைக்கும் பிள்ளைக வருதுக. அட்மிஷன் நேரத்துல அ ஆ எப்ப சொல்லிக் குடுப்பீங்கன்னு கேக்குறவங்கள விட "ஆச்சி, இன்னும் டயப்பர்லதான் இருக்கான், சேத்துக்குவீங்களா"ன்னு தயங்கித் தயங்கிக் கேக்குறவங்கதான் ஜாஸ்தி. வீட்ல பெரியவுக ஒண்ணு சொல்றாக, யூடியூப் ஒண்ணு சொல்லுது, நடுவுல பிள்ளையப் பெத்தது முழிச்சுக்கிட்டு நிக்குது. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க எழுதிருக்கேன். நான் டாக்டர் இல்ல, டாக்டர்ட்ட காட்ட வேண்டியது எதுன்னு அங்கங்க சொல்லிருக்கேன்.

எத்தனை மாசத்துல ஆரம்பிக்கணும்?

மாசக் கணக்கு பாக்காதீங்க, பிள்ளையப் பாருங்க. ஒரு வயசு வரைக்கும் உச்சாவையும் ஆயையும் அடக்குற சக்தியே பிள்ளைக்குக் கிடையாது, அதுக்கப்புறம் ஒரு ஆறு மாசமும் ரொம்பக் கம்மிதான். பெரும்பாலான பிள்ளைக ஒன்றரை வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவுல தயாராகும். 1962ல பிரேசல்டன்னு ஒரு அமெரிக்கக் குழந்தை டாக்டர் தன்ட்ட வந்த 1,170 பிள்ளைகளோட விவரத்த வச்சு ஒரு கட்டுரை எழுதுனாரு, பிள்ளை தயாரான பிறகு வற்புறுத்தாம பழக்குனா பகல் பழக்கம் சராசரியா 28 மாசத்த ஒட்டி வந்துருதுன்னு. இன்னைக்கும் டாக்டருக சொல்றது கிட்டத்தட்ட அதேதான். பொம்பளப் பிள்ளைக கொஞ்சம் சீக்கிரம், பையனுக கொஞ்சம் லேட்டு, அதுக்காக பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட வேணாம்.

என்ன பாக்கணும்னா, ரெண்டு மணி நேரமாச்சும் நனையாம இருக்கா, மத்தியானம் தூங்கி எந்திரிக்கும்போது காஞ்சிருக்கா, நனைஞ்சா இழுத்துக் காட்டுதா, "செருப்ப எடுத்துட்டு வா"ன்னா புரிஞ்சு எடுத்துட்டு வருதா, ஆய் வரும்போது தூணுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குதா. இதுல ரெண்டு மூணு இருந்தா ஆரம்பிச்சுரலாம். தூணுக்குப் பின்னாடி மூஞ்சி செவக்க முக்கிக்கிட்டு நிக்குற பிள்ளைக்கு வர்றது தெரியுது, எங்க போகணும்னுதான் தெரியல. அந்த வழிய நம்மதான் போட்டுக் குடுக்கணும், கீழ நான் சொல்லப்போற முக்காவாசியும் அந்த வழியப் பத்திதான்.

"ஒன் புருஷன எட்டு மாசத்துலயே பழக்கிட்டேன்"னு மாமியார் சொல்றாக. நெசமா?

பொய் இல்ல. நம்ம ஊர் அப்பத்தாமார் செய்றதப் பாத்திருப்பீங்க. முத்தத்து ஓரமா காலை நீட்டி உக்காந்து, ரெண்டு பாதத்தையும் லேசா விரிச்சு, அதுமேல பிள்ளையக் குந்த வச்சு, அக்குள்ல கையக் குடுத்துப் புடிச்சுக்கிட்டு "ஸ்ஸ்ஸ்"ம்பாக. தூங்கி எந்திரிச்சதும் ஒரு தடவ, பால் குடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தடவ. பிள்ளையும் போயிரும். வயித்துக்குள்ள சாப்பாடு எறங்குனதும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கிறது ஒடம்போட இயல்பு, அந்த நேரத்த அப்பத்தா கவனிச்சு வச்சிருக்காக. அதனால அங்க பாதிக்கு மேல பழகுனது அப்பத்தாதான், பிள்ளை இன்னும் சொல்லப் பழகல.

வீட்ல ஆள் இருந்தா தாராளமா செய்ங்க, குந்துற வாகு நல்லது, சத்தத்துக்கும் போறதுக்கும் ஒரு தொடர்பு மனசுல பதிஞ்சுரும், பின்னால வேலை லேசு. ஆனா அந்தப் பிள்ளை மெட்ராஸ் போயி ரெண்டு வயசுல தானா சொல்லலைன்னா "நான் பழக்குனத நீ கெடுத்துட்ட"ன்னு மருமகளச் சொல்றது நியாயமே இல்ல.

டயப்பர் போடலாமா கூடாதா?

போடலாம், பாவம் ஒண்ணும் இல்ல. கால் வளைஞ்சுரும்னு சொல்றதும் உண்மை இல்ல. ஆனா டயப்பருக்குள்ள சோடியம் பாலிஅக்ரிலேட்டுன்னு ஒரு பொடி இருக்கு, அது ஈரத்த இழுத்து ஜெல்லாக்கிரும், பிள்ளைக்கு நனைஞ்சதே தெரியாது. நனைஞ்சது தெரியாத பிள்ளைட்ட "உச்சா வந்தா சொல்லு"ன்னா அது என்னத்தச் சொல்லும். பழக்க ஆரம்பிச்சாச்சுன்னா பகல்ல முழுசா நிப்பாட்டிருங்க, ராத்திரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் வச்சுக்கங்க. காலைல நீங்க கழட்டி விடுறது, நீங்க வேலைக்குப் போனதும் பாத்துக்குற அம்மா மாட்டி விடுறதுன்னு இருந்தா பிள்ளைக்குக் குழப்பம்தான், ரெண்டு பேரும் முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க. வீட்ல இருக்கும்போது சட்டையும் அரைஞாண் கயிறும் போதும், கேக்க ஆளில்ல.

எந்த மாசம் ஆரம்பிச்சா லேசு?

நம்ம ஊருக்கு சித்திரை, வைகாசி. அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடில போட்ட ஜட்டி அரை மணி நேரத்துல காஞ்சுரும், தரை கழுவி விட்டாலும் ஒடனே காயும், பிள்ளையும் வெறும் ஒடம்போட திரியலாம். ஐப்பசி கார்த்திகை அடைமழைல ஆரம்பிச்சா துணி காயாம அம்மாவுக்குக் கோவம் வந்து அது பிள்ளை மேல பாயும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, வெயில்ல வேர்வையாப் போயிர்றதால உச்சா கம்மியா வரும். நனைக்காம இருக்கட்டும்னு தண்ணியக் கொறச்சுறாதீங்க, உச்சா மஞ்சளாக் கடுத்து எரியும், ஆயும் இறுகிரும், அப்பறம் பிள்ளை போகவே பயப்படும்.

புதுசா பாப்பா பொறந்திருக்கு, வீடு மாறுறீங்க, பிள்ளைக்குக் காய்ச்சல், இல்ல பிள்ளையார் நோன்புக்கு ஊர்ப்பட்ட சனம் வீட்ல வந்து எறங்கிருக்குன்னா அந்த வாரம் வேணாம். தள்ளிப் போடுறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

எங்களது பழைய பெரிய வீடு, பாத்ரூம் கடைசிக் கட்டுல இருக்கு. பிள்ளை சொல்லுது, ஆனா போய்ச் சேர்றதுக்குள்ள வழிலயே விட்டுருது. என்ன பண்றது?

இந்தக் கேள்வி செட்டிநாட்ட விட்டா வேற எங்கயும் இந்த அளவுக்கு வராதுன்னு நெனைக்கிறேன். முகப்புல விளையாடிக்கிட்டு இருக்குற பிள்ளைக்கு உச்சா வருதுன்னு வைங்க, பட்டாலை தாண்டி, வளவு, அதான் நடு முத்தத்தச் சுத்தி இருக்குற கூடம், அதத் தாண்டி, ரெண்டாங்கட்டு தாண்டி போகணும், ஒவ்வொரு வாசல்லயும் நிலைப்படி வேற அதோட முழங்கால் ஒசரத்துக்கு நிக்குது, அதப் புடிச்சு ஏறி எறங்கணும். ரெண்டு வயசுப் பிள்ளையோட மூத்திரப்பை கொள்ளளவே சுமார் 100 மில்லிதான், அரை டம்ளர். வருதுன்னு தெரிஞ்சதுக்கும் வந்துட்டதுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் கெடைச்சா அதிகம். பெரிய ஆளே ஓடுனாத்தான் முடியும், இதுல பிள்ளையக் கொறை சொல்லி என்ன செய்ய?

பாத்ரூமக் கிட்டக் கொண்டு வரணும், வேற வழி இல்ல. ஒரு பிளாஸ்டிக் பாட்டி சேர் (potty, பிள்ளை உக்காந்து போற சின்னச் சேர்) வாங்கி பிள்ளை அதிகமா இருக்குற எடத்துக்குப் பக்கத்துல வைங்க. இங்கதான் வீட்ல சண்டை வரும், "வளவுல கக்கூஸ வைக்கவா"ன்னு. பெரியவுக சொல்றதுலயும் ஒரு அர்த்தம் இருக்கு, சாமி வீடு அங்கதான் இருக்கு, படைப்பு போடுறதும் அங்கதான். அதனால சாமி வீட்டுக்கும் அடுப்படிக்கும் எட்டமா, ரெண்டாங்கட்டு முத்தத்து ஓரத்துல, தண்ணிக்குழாய் இருக்குற பக்கம் வைங்க, போனதும் ஒடனே பின்னால கொண்டு போய்க் கொட்டிக் கழுவிக் கவுத்தி வச்சிருவோம்னு சொல்லுங்க, சொன்னபடி செய்யவும் செய்ங்க. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு நாள் மொணகுவாக, பிள்ளை ஒரு தடவ சரியாப் போயிட்டா அதே பெரியவுக, ஆயாவோ அப்பத்தாவோ, போற வர்றவுகட்டல்லாம் பெருமை அடிப்பாக. நாலஞ்சு மாசத்துல சேரக் கொஞ்சம் கொஞ்சமா பின்கட்டுப் பக்கமா நகத்தி பாத்ரூம் வாசலுக்கே கொண்டு போயிரலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பின்கட்டு இருட்டா இருந்தா அங்க ஒரு லைட்டப் போட்டு வைங்க. இருட்டுக்குப் பயந்து அடக்குற பிள்ளைக நெறைய.

பாட்டி சேர் கண்டிப்பா வேணுமா? இந்தியன் டாய்லெட்லயே பழக்கக் கூடாதா?

பழக்கலாம், குந்தி உக்காந்தா ஆய் சுலபமா எறங்கும். ஆனா பெரியவங்க டாய்லெட்ல கால் வைக்கிற மேடை ரெண்டும் பிள்ளைக்கு அகலம், நடுவுல குழி, விழுந்துருவோம்னு பயப்படும். அதனால ஆரம்பத்துல டாய்லெட்டுக்குப் பக்கத்துலயே தரைல குந்த வச்சு, போனத தண்ணி ஊத்தித் தள்ளி விடுங்க, கைய நீங்க புடிச்சுக்கங்க. வெஸ்டர்ன்னா மேல வைக்கிற சின்ன சீட்டும், காலுக்குக் கீழ ஒரு மணைப்பலகையோ முக்காலியோ அவசியம். கால் தொங்கிக்கிட்டு இருந்தா முக்க முடியாது, முழங்கால் இடுப்ப விட கொஞ்சம் ஒசந்து இருக்கணும். ஃப்ளஷ் சத்தத்துக்கு அழுதா பிள்ளை வெளிய வந்த பிறகு அழுத்துங்க. மியூசிக் போடுற, லைட் எரியுற பாட்டி சேர் எல்லாம் காசுக்குப் புடிச்ச கேடு.

சரி, நாளைக்குக் காலைல இருந்து ஆரம்பிக்கிறேன். எப்படி?

மொதல்ல வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்லுங்க, அம்மா உச்சான்னும் ஆயா மூச்சான்னும் அப்பச்சி (அப்பாவ நம்ம பக்கம் அப்படித்தான் கூப்புடுவோம்) ஒண்ணுக்குன்னும் சொன்னா பிள்ளை எதத்தான் பிடிக்கும். காலைல எந்திரிச்சதும் டயப்பரக் கழட்டிட்டு நேரா உக்கார வைங்க. பிறகு சாப்பிட்டு ஒரு இருபது முப்பது நிமிஷம் கழிச்சு, தூங்குறதுக்கு முன்ன, எந்திரிச்ச பின்ன, குளிக்கப் போறதுக்கு முன்ன. நடுவுல சுமார் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம், வரலைன்னா "சரி, அப்பறம் வருவோம்"னு எந்திரிச்சுருங்க. போன் குடுத்து அரை மணி நேரம் உக்கார வைக்கிறதுல பிள்ளைக்குப் போன்தான் பழகும்.

"உச்சா வருதா"ன்னு கேக்காதீங்க, எந்தப் பிள்ளையும் இல்லைன்னுதான் சொல்லும். "வா, உச்சா போயிட்டு வந்து பந்து விளையாடலாம்"னு கூப்புடுங்க. போயிட்டா ஒரு கைதட்டு, "எங்க தங்கம் உச்சா போயிருச்சே" அவ்வளவுதான். ஒவ்வொரு தடவைக்கும் ஜெம்ஸ் குடுக்க ஆரம்பிச்ச ஒரு வீட்ல பிள்ளை சொட்டுச் சொட்டாப் போயி ஒரு நாளைக்கு பாக்கெட்டக் காலி பண்ணிருச்சு, அவன் மேல தப்பே இல்ல. எலாஸ்டிக் வச்ச டவுசர் போடுங்க, பட்டன், பெல்ட், ஜிப்பு எதுவும் வேணாம்.

தரையில போயிட்டா ரெண்டு அடி போடலாமா?

வேணாம். அடி வாங்குன பிள்ளை "தரைல போகக் கூடாது"ன்னு புரிஞ்சுக்காது, "இவங்க பாக்கும்போது போகக் கூடாது"ன்னுதான் புரிஞ்சுக்கும், அப்பறம் கட்டிலுக்கு அடில போய் இருக்கும். "உச்சா அங்க போவோம்"னு சாதாரணமாச் சொல்லி, டவுசரக் கழட்டிப் போடுறதுல பிள்ளையையும் சேத்துக்கங்க.

ஆத்தங்குடிக் கல் தரைக்கு ஒரு வார்த்தை. அது சிமென்ட்டுல கையால வார்த்தது, சுட்ட டைல்ஸ் மாதிரி கெட்டியான பூச்சு கிடையாது, ஈரம் ரொம்ப நேரம் நின்னா திட்டுத் திட்டா ஆயிரும். உச்சா போனா அப்பவே துணி போட்டு ஒத்தி எடுத்துட்டு, கொஞ்சமா சோப்புத்தண்ணி, அப்பறம் நல்ல தண்ணி. நாத்தம் போகணும்னு டாய்லெட் ஆசிட், வினிகர், எலுமிச்சம்பழம் எதையும் ஊத்திறாதீங்க, சிமென்ட்ட அரிச்சு பூவெல்லாம் வெளிறிப் போயிரும், தாத்தா காலத்துத் தரை, திரும்ப வராது. பளபளப்புக்கு தேங்காயெண்ணெய் தொட்டுத் தொடைக்கிற வழக்கம் இருந்தா பழக்குற மாசம் மட்டும் அத நிப்பாட்டி வைங்க, அவசரமா ஓடுற பிள்ளை வழுக்கி விழுகும்.

உச்சா அழகா சொல்லுது, ஆய் மட்டும் டயப்பர் மாட்டி விடச் சொல்லி அதுலதான் போகுது. ஏன்?

ரொம்ப சகஜம். நின்னுக்கிட்டு, டயப்பர் இறுக்கிப் புடிச்சிருக்க, ஒரு மூலைல போறதுதான் அதுக்குத் தெரிஞ்ச வழி, வெறுங்குண்டியோட உக்காந்தா ஒடம்புல இருந்து ஏதோ விழுகுற மாதிரி பயம். டயப்பரக் குடுங்க, குடுக்க மாட்டேன்னா அடக்கும், அடக்குனா இறுகும். மொதல்ல டயப்பரோட பாத்ரூம்க்குள்ள நின்னு போகட்டும். சில நாள் கழிச்சு டயப்பரோடயே சேர்ல உக்காந்து போகட்டும். அப்பறம் டயப்பரத் தளத்தி விடுங்க, கடைசில சேருக்குள்ள விரிச்சு வைங்க. ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாளாகும்னு பிள்ளைதான் முடிவு பண்ணும். இத விட்டுட்டு "இன்னைக்கோட டயப்பர் தீந்து போச்சு"ன்னு பொய் சொல்லிப் பாத்தவங்க பிள்ளைய அஞ்சாறு நாள் ஆய் போகாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருக்காங்க.

ஆய் போறதுக்கே அழுகுறான், காலைப் பின்னிக்கிட்டு நிக்கிறான். முக்குறானா?

முக்கல, அடக்குறான். கால ரெண்டையும் ஒட்டி வச்சுக்கிட்டு, நுனிக்கால்ல நின்னு, குண்டிய இறுக்கிக்கிட்டு, சோபாவப் புடிச்சுக்கிட்டு மூஞ்சி செவந்து நின்னா அது வெளிய தள்ளுறதுக்கு இல்ல, உள்ள இழுக்குறதுக்கு. எப்பவோ ஒரு நாள் கெட்டியாப் போயி வலிச்சிருக்கும், அதுல இருந்து பயம், பயத்துல அடக்கல், அடக்க அடக்க உள்ள தண்ணியெல்லாம் உறிஞ்சப்பட்டு இன்னும் இறுகி, அடுத்த தடவ இன்னும் வலி. இது ஒடையாம பாட்டி ட்ரெய்னிங்கே நடக்காது. என்ட்ட "பழக்க முடியல"ன்னு வர்றவங்கட்ட நான் மொதல்ல கேக்குறது "ஆய் எப்படி இருக்கு, கெட்டியா எளக்கமா"ன்னுதான், பலரும் "ஆமா ஆச்சி, புளுக்கையாத்தான் போகுது"ம்பாங்க. அப்ப பழக்குறத ஒதுக்கி வச்சுட்டு மொதல்ல இதச் சரி பண்ணுங்க.

பால எவ்வளவு குடுக்குறீங்கன்னு பாருங்க. ரெண்டு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு அரை லிட்டர் தாராளம். சாப்பாடு எறங்கலைன்னு ஒரு லிட்டர் வரைக்கும் பாலயே ஊட்டுற வீடு உண்டு, வயிறு பால்லயே நெறைஞ்சா நார்ச்சத்துக்கு எடம் ஏது. நல்லாப் பழுத்த வாழைப்பழம், கொய்யா, பப்பாளி, கீரையப் பருப்போட மசிச்சு, ஊற வச்ச ஒலர் திராட்சைய நல்லாப் பெசஞ்சு, பாசிப்பயறு. கவுணி அரிசி நார்ச்சத்து உள்ளது, நம்ம வீட்ல இனிப்பாத்தான் செய்வோம், சீனியக் கொறச்சு கொழைய வேக வச்சுக் குடுங்க. தேன்குழலு, சீடை, பிஸ்கட்டுன்னு நாள் பூரா கையில குடுத்தா கொடல் நகராது. தண்ணி அடிக்கடி.

கை வைத்தியம்னு வெத்தலைக் காம்புல வெளக்கெண்ணெயத் தொட்டு ஆசனவாய்ல வைக்கிறது, சோப்புத் துண்டச் சீவி வைக்கிறது நம்ம பக்கம் இன்னும் இருக்கு. அன்னைக்கு ஆய் வந்துரும், உண்மைதான். ஆனா ஏற்கனவே வலிக்குப் பயந்து இருக்குற பிள்ளைய நாலு பேர் புடிச்சு அமுக்கி இதச் செஞ்சா பயம் ரெட்டிப்பாகும், தோலும் புண்ணாகும். ஆயா வருத்தப்பட்டாலும் பரவால்ல, இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. வாயில வெளக்கெண்ணெய் ஊத்துறதும் டாக்டரக் கேக்காம வேணாம்.

ரெண்டு வாரத்துல சாப்பாட்டால சரியாகலைன்னா குழந்தை டாக்டர்ட்ட போங்க, ஆய எளக்குற சிரப்போ பவுடரோ குடுப்பாங்க. நல்லாப் போக ஆரம்பிச்சதும் நாலாம் நாளே நீங்களா நிப்பாட்டிறாதீங்க, பயம் மறக்குற வரைக்கும் ஓட வேண்டிய மருந்து அது, பல பிள்ளைகளுக்கு மாசக்கணக்குல தேவைப்படும். இன்னொண்ணு, கெட்டி ஆய் உள்ள அடைச்சிருக்கும்போது அதச் சுத்தி தண்ணியா கசிஞ்சு ஜட்டில படியும். வயித்துப்போக்குன்னு நெனச்சு மருந்து குடுத்துறாதீங்க.

பையன் நின்னுக்கிட்டுப் போகணுமா, உக்காந்தா?

மொதல்ல ரெண்டுக்கும் உக்காரட்டும், உச்சா போகும்போதே ஆயும் வந்துரும். நின்னு போறத அப்பச்சியப் பாத்து அவனே கத்துக்குவான். பொம்பளப் பிள்ளைய முன்னால இருந்து பின்னால கழுவி விடுங்க, பின்னால இருந்து முன்னால கொண்டு வந்தா கிருமி மூத்திர வழிக்குப் போயிரும். எந்தப் பிள்ளைன்னாலும் கடைசில சோப்புப் போட்டு கை கழுவி விடுங்க, உங்க கையும் சேத்து.

பகல்ல சரியாயிருச்சு, ராத்திரி மட்டும் பாயெல்லாம் நனையுது.

அது வேற கணக்கு. ராத்திரில உச்சா உற்பத்தியக் கொறைக்கிற ஒரு ஹார்மோன் இருக்கு, அது சரியா சுரக்கணும், பை நெறைஞ்சா தூக்கம் கலையணும், ரெண்டும் பழக்கி வர்றது இல்ல, வளந்து வர்றது. அஞ்சு வயசுலயும் நூத்துக்கு 15 பிள்ளைக ராத்திரி நனைக்குதுக. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயசுல இருந்திருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி, அத உங்க மாமியார்ட்டயும் அம்மாட்டயும் நைசா விசாரிங்க, சுவாரசியமான பதில் வரும். படுக்கப் போறதுக்கு முன்ன ஒரு தடவ போக வைங்க, ரப்பர் ஷீட் மேல பழைய வேட்டியா மடிச்சுப் போடுங்க. காலைல தொடர்ந்து டயப்பர் காஞ்சிருந்தா நிப்பாட்டலாம். சித்தப்பா பெரியப்பா பிள்ளைக முன்னாடி "இவன் பாய்ல மோண்டுட்டான்"னு கேலி பண்ண மட்டும் விடாதீங்க. அஞ்சு வயசு தாண்டியும் அடிக்கடி இருந்தா டாக்டர்ட்ட பேசலாம், அதுக்கு முன்னாடி வைத்தியம் தேவையில்ல.

தங்கச்சிப் பாப்பா பொறந்ததுல இருந்து மறுபடி ஜட்டிலயே போறான்.

போவான். பாப்பா நனைச்சா எல்லாரும் ஓடி வர்றாங்கல்ல, அவனும் பாத்துக்கிட்டுத்தான இருக்கான். திட்டாம பழைய மாதிரி நேரத்துக்கு உக்கார வைங்க, பாப்பாவோட துணிய எடுத்துக் குடுக்கச் சொல்லி வேலை குடுங்க, கொஞ்ச வாரத்துல திரும்பிருவான். ஆனா பாப்பா, பள்ளிக்கூடம்னு ஒரு காரணமும் இல்லாம மாசக்கணக்கா காஞ்சிருந்த பிள்ளை திடீர்னு நனைக்க ஆரம்பிச்சு, கூடவே தண்ணி தண்ணின்னு தாகம், எளைச்சும் போகுதுன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட போயி ரத்தத்துல சர்க்கரை பாக்கச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைக்கும் சர்க்கரை வியாதி வரும், தள்ளிப் போடக் கூடாது.

கல்யாண வீடு, திருவிழா, ட்ரெயின்னு போகும்போது?

விசேஷ வீட்டுக்குப் போனதும் பந்தி எங்கன்னு பாக்குறதுக்கு முன்ன பாத்ரூம் எங்கன்னு பிள்ளையக் கூட்டிட்டுப் போயிக் காட்டிருங்க. முத்துமாரியம்மன் கோயில் பால்குடக் கூட்டத்துலயெல்லாம் டயப்பரே போட்டுருங்க, அதுல கவுரவம் பாக்க ஒண்ணும் இல்ல. "இன்னைக்குக் கூட்டம், அதனால இது, வீட்டுக்குப் போனதும் கழட்டிருவோம்"னு பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க. விடியக்காலைல பல்லவன் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போறீங்கன்னா ஏறுறதுக்கு முன்ன வீட்ல ஒரு தடவ, ஸ்டேஷன்ல ஒரு தடவ. ட்ரெயின் ஆட்டத்துல பிள்ளை குந்தாது, நீங்க பின்னால இருந்து தொடைக்கு அடில கையக் குடுத்துத் தூக்கிப் புடிச்சுக்கணும், அப்பத்தா கால்ல வைக்கிறாகல்ல, அதே வாகுதான், எடம் மட்டும் வேற. மாத்து டவுசர் ரெண்டு, நனைஞ்சதப் போட ஒரு பை, தண்ணி பாட்டில் கைப்பைல இருக்கட்டும், மேல் ரேக்ல ஏத்துன பெட்டில வேணாம்.

பேரன் சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்திருக்கான். அங்க பேப்பர், வெஸ்டர்ன். இங்க உக்கார மாட்டேங்குறான்.

மூணு வாரத்துக்காக அவனப் புதுசா பழக்காதீங்க. மேல வைக்கிற சின்ன சீட்ட அவுக வரும்போது பெட்டில போட்டுக் கொண்டு வரச் சொல்லுங்க. இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்குன்னா ஒரு பாட்டி சேர் வாங்கி வைங்க, கொஞ்சக் காசுதான். தண்ணி ஊத்திக் கழுவும்போது ஜில்லுன்னு இருந்தா அழுவான், மக்குல கொஞ்சம் வெதுவெதுன்னு கலந்துக்கங்க. ஊர் மாறுனா சில பிள்ளைக ரெண்டு மூணு நாள் ஆய் போகாதுக, பழமும் தண்ணியும் குடுங்க, கூடி நின்னு "போனானா போனானா"ன்னு விசாரிக்காதீங்க.

ஸ்கூல் சேக்க இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள முடியுமா?

தயாரான பிள்ளைன்னா பகல் பழக்கம் ஓரளவுக்கு வந்துரும். இல்லைன்னா முடியாது, அந்த ரெண்டு வாரமும் சண்டையாத்தான் போகும். ஸ்கூல்ல நேரா சொல்லிருங்க. எங்ககிட்ட மறைச்சுக் கூட்டிட்டு வந்து விட்டா முதல் நாளே தெரிஞ்சுரும், சொல்லிட்டா நாங்க நேரம் பாத்துக் கூட்டிட்டுப் போவோம். மத்த பிள்ளைக வரிசையாப் போறதப் பாத்து வீட்ல முரண்டு பிடிச்சதுக கூட இங்க போயிட்டு வருதுக. பால்வாடிக்கு அனுப்புறவங்களும் டீச்சர்ட்டயும் ஆயாம்மாட்டயும் வீட்ல சொல்ற வார்த்தை என்னன்னு சொல்லி வைங்க, உங்க பிள்ளை "கக்கா"ன்னு கத்தும்போது அவங்க காக்காயத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல.

சின்னப் பிள்ளை ஆய்தானே, கொல்லையில மரத்தடில போட்டா என்ன?

போடாதீங்க. சின்னப் பிள்ளை மலத்துலயும் பெரியவங்களது மாதிரியே கிருமி இருக்கும், புழு முட்டையும் இருக்கும், அது மண்ணுல கலந்து வெறுங்கால், கை, வாய்னு திரும்ப வீட்டுக்குள்ளதான் வரும். பாட்டி சேர்ல போனதோ டயப்பர்ல போனதோ, ஆய டாய்லெட்ல தட்டித் தண்ணி ஊத்திருங்க, டயப்பர மடிச்சுப் பேப்பர்ல சுத்தி மத்த குப்பையோட கலக்காம தனியாக் குடுங்க, இப்ப காரைக்குடி கார்ப்பரேஷன் ஆயிருச்சு, தரம் பிரிச்சுத்தான் கேப்பாங்க. ஒரு வயசுல இருந்து பிள்ளைகளுக்கு அரசாங்கத்துல குடற்புழு நீக்குற அல்பெண்டசோல் மாத்திரை பால்வாடிலயும் பள்ளிக்கூடத்துலயும் குடுக்குறாங்க, தவற விடாதீங்க. சின்னதுகளுக்கு மாத்திரையப் பொடிச்சுத் தண்ணில கலந்து குடுங்க, தொண்டைல மாட்டாம.

எப்ப கண்டிப்பா டாக்டர்ட்ட காட்டணும்?

ஆய்ல ரத்தம், வயிறு உப்பி வாந்தி, பொறந்ததுல இருந்தே மலச்சிக்கல், எடை ஏறல, உச்சா போகும்போது எரிச்சலும் காய்ச்சலும், எப்பவும் சொட்டிக்கிட்டே இருக்குறது, பையனுக்கு உச்சா நூல் மாதிரி முக்கி முக்கி வர்றது, மேல சொன்ன தாகம். இதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம். நாலு வயசாகியும் பகல்ல ஒண்ணுமே பிடிபடலைன்னாலும் ஒரு தடவ காட்டிருங்க. பேச்சு, நடை எல்லாத்துலயும் கொஞ்சம் பின்தங்கி இருக்குற பிள்ளைன்னா இதுவும் லேட்டாத்தான் வரும், அதுக்குத் தக்கபடி எப்படிப் பழக்குறதுன்னு டாக்டர்ட்டயே கேட்டுக்கங்க.

டயப்பர் பாக்கெட் மிச்சம் கெடக்கு, என்ன பண்ண?

பிரிக்காததுன்னா வாங்குன கடைல கேளுங்க, தெரிஞ்ச கடைன்னா பதிலுக்கு சோப்பு, பவுடர்னு எதாச்சும் குடுப்பாக. பிரிச்சது ராத்திரிக்கும் ட்ரெயினுக்கும் தீந்துரும், அதுக்கும் மேல மிஞ்சுனா பங்காளி வீட்ல சின்னது எதுக்காச்சும் குடுங்க. எங்க ஸ்கூலுக்குக் கொண்டு வந்தாலும் வாங்கிக்குவேன், மாத்துத்துணியே வைக்காம பையத் தூக்கிட்டு வந்து பிள்ளைய விட்டுட்டுப் போற அம்மாமார் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டேதான் இருக்காங்க.